விலையில்லாப் பொம்மை

(பத்தாம் வகுப்பு மாணவி)

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது முதுமொழி. ஆனால், கட்டிக்கொள்ளவே போதாத உள்ளங்கை அகலத் துண்டுத் துணிக்கு என்ன மதிப்பு? தையற்கடை வாசலில் குப்பையாய்க் கிடக்கும் அத்துண்டுகளே இவ்வாண்டு எங்கள் வகுப்பிற்கு ஒரு பாடம் நடத்தின.

கைவேலைப் பாடவேளையில் சிஸ்டர் எங்களுக்குத் துணிப் பொம்மை தைக்கக் கற்றுக் கொடுத்தார். பொன்னமராவதிக் கடைவீதியில் கேட்டு வாங்கிய வெட்டுத் துணிகளைக் கொண்டே வேலையைத் தொடங்கினோம். பொம்மையின் உருவத்தைத் தடித்த தாளில் வரைந்து வெட்டினோம். துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, தாளை மேலே வைத்துப் பென்சிலால் கோடிட்டோம். தையலுக்காகக் கோட்டிற்கு வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினோம். கோட்டின்மேல் கெட்டித் தையல் போட்டு, இடுப்போரம் மட்டும் இரண்டு விரல் நுழையும் அளவு வாய் விட்டோம். கழுத்து போன்ற வளைவுகளில் தையல் அறுபடாமல் கத்தரிக்கோல் நுனியால் சிறு சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். இல்லையேல் திருப்பும்போது துணி சுருங்கி இழுக்கும். பின்பு வாய்வழியே வெளிப்புறமாகத் திருப்பி, பென்சிலின் மொட்டை முனையால் கைகால் நுனிவரை இலவம்பஞ்சைத் திணித்தோம். ஒரு சாண் உயரப் பொம்மை நிமிர்ந்து உட்கார்ந்தபோது வகுப்பே கைதட்டியது!

நூல் வெளியே தெரியாமல் வாயை மூடித் தைக்கும் முறையை எங்களுக்குக் காட்டித் தந்தவர், எங்களுள் ஒருத்தியின் தாயார். அவர் ரவிக்கைகளை வீட்டிற்கு வாங்கி வந்து, கொக்கி வைத்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பவர்.

நாற்பது பொம்மைகள் சேர்ந்ததும் வாதம் எழுந்தது. ஆண்டு விழாவில் கடை போட்டு விற்கலாம் என்றனர் சிலர். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இலவசமாய்க் கொடுக்கலாம் என்றனர் மற்றவர். அப்போது அத்தாயாரின் மகள் எழுந்து, “ஒரு ரவிக்கைக்கு என் அம்மாவுக்குக் கிடைப்பது சில ரூபாய்தான். அதையும் பலமுறை நடந்துதான் வாங்குகிறார். கைவேலை என்றாலே இலவசம் என்று எல்லோரும் எண்ணுவதால்தானே இந்த நிலை?” என்றாள். வகுப்பு அமைதியாயிற்று.

சிஸ்டர் விடை கூறவில்லை. சுனாமிகாவின் கதையைக் கூறினார். எங்கள் மாவட்டத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் எனக் கடற்கரை ஊர்கள் இருந்தாலும் பொன்னமராவதிக்குக் கடல் வெகு தொலைவு. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நாங்கள் பிறக்கவும் இல்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் அன்று பறிபோயின. கடலை நம்பி வாழ்ந்தவர்கள் கடலைக் கண்டே அஞ்சினர். அந்நாளில் ஆரோவில்லில் ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி அவர்கள், அருகிலிருந்த மீனவக் கிராமத்துப் பெண்களின் மனப்புண் ஆற வழி தேடினார். ஆடை வெட்டியபின் மிஞ்சிய துணியில் விரலளவுப் பொம்மை செய்ய அப்பெண்கள் பழகினர். அதுவே சுனாமிகா. அதை விற்பதில்லை; அன்பளிப்பாகவே தருகிறார்கள். விரும்பியவர் நன்கொடை அளிக்கலாம். செய்த பெண்களுக்கோ உழைப்பிற்கேற்ற ஊதியம் உண்டு. இப்படிப் பல லட்சம் பொம்மைகள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன.

எங்கள் வாதம் அத்துடன் தீர்ந்தது. பெற்றோர் நிழலில் உண்டு உடுத்தும் நாங்கள் எங்கள் உழைப்பைக் கொடையாகத் தரலாம். பிழைப்பிற்காகத் தைப்பவரிடம் அதையே எதிர்பார்ப்பது முறையாகுமா? ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்து, கற்றுத் தந்த தாயாரிடம் நீட்டினோம். “என்ன தாயி, பிள்ளைகளிடம் காசு வாங்குவேனா?” என்று கையை இழுத்துக்கொண்டார். “இது காசு இல்லை அம்மா, கூலி” என்றாள் அவர் மகள். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பொம்மைகள் அங்கன்வாடிக்கே சென்றன. பிஞ்சுகள் வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் பொத்தான் வைக்காமல், கறுப்பு நூலால் கண் தைத்தோம். வாங்கிய மறுகணமே ஒரு குழந்தை அதை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தது!

தோழியரே! பொம்மைக்கு விலை வையாதிருக்கலாம். அதைத் தைத்த கைக்கு உரியதைக் கொடுக்க மறக்கலாகாது.