விதிக்குக் கட்டுப்பட்ட அரக்கன்

கில்லெர்மோ தெல் தோரோவின் ‘பான்ஸ் லாபிரின்த்’ படத்தில் ஒரு விருந்துக் கூடம் வருகிறது. மேசை நிறையச் சுட்ட இறைச்சி, பழங்கள், இனிப்புகள், மது. மேசையின் தலைமாட்டில், கொழுந்துவிட்டு எரியும் கணப்புக்கு முன்னால், வெளிறிப்போன ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் கண் கிடையாது. இரண்டு மூக்குத் துளைகளும் ஒரு வாய்ப் பிளவும் மட்டும். ஒரு காலத்தில் பெருத்திருந்து பிறகு வற்றிப்போன உடம்புபோலத் தோல் மடிமடியாகத் தொங்குகிறது. கண்விழிகள் இரண்டும் எதிரே ஒரு தட்டில் கிடக்கின்றன. கூடத்தின் ஓவியங்களில் அதே உருவம் குழந்தைகளைக் கொன்று தின்கிறது. ஒரு மூலையில் சின்னச் சின்னச் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடக்கின்றன.

ஒஃபேலியா என்ற சிறுமி சுவரில் சாக்குக்கட்டியால் கதவு வரைந்து, அதைத் திறந்து இங்கே வந்திருக்கிறாள். இந்த மேசையில் இருக்கும் எதையும் வாயில் போடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது இரண்டு திராட்சையை எடுத்துத் தின்றுவிடுகிறாள். உருவம் விழித்துக்கொள்கிறது. தட்டிலிருந்த விழிகளை எடுத்து உள்ளங்கைகளில் இருக்கும் பள்ளங்களில் பொருத்திக்கொள்கிறது. விரல்களை விரித்து, கைகளை முகத்தருகே கொண்டுபோய், அவற்றின் வழியாக அவளைப் பார்க்கிறது.

இருண்ட கற்பனைப் படங்களின் மேல் எனக்கு இருக்கும் தீராத ஈர்ப்புக்குக் காரணம் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. பயங்கரம் என்றால் இதைவிடப் பயங்கரம் வேண்டாம். ஆனாலும் அந்த அரக்கன் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவன். மேசையைத் தொடாதவரை அவன் அசைய மாட்டான். தொட்டால் எழுந்திருப்பான். இந்த நிபந்தனை முன்கூட்டியே அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதே படத்தில் எந்த விதிக்கும் கட்டுப்படாத இன்னொருவன் இருக்கிறான். கதை நடப்பது 1944-இல். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்து, பிராங்கோவின் ஆட்சி வேரூன்றிவிட்ட காலம். மலைக்காட்டில் எஞ்சியிருக்கும் கிளர்ச்சியாளர்களை வேட்டையாட வந்திருக்கும் கேப்டன் விதால், ஒஃபேலியாவின் மாற்றாந்தந்தை. அவள் தாயின் இரண்டாவது கணவன். ஒரு நாள் இரவு ஓர் அப்பனையும் மகனையும் பிடித்து வருகிறார்கள். முயல் வேட்டைக்கு வந்தோம் என்கிறார்கள். கேப்டன் ஒரு பாட்டிலை எடுத்து, அதன் அடிப்பாகத்தால் மகனின் முகத்தைக் குத்திக் குத்தியே சிதைக்கிறான். கதறும் அப்பனையும் சுடுகிறான். பிறகுதான் அவர்களுடைய பையை முழுதாகத் துழாவுகிறான். உள்ளே முயல் இருக்கிறது. இனிமேல் ஆட்களை ஒழுங்காகச் சோதித்துவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள் என்று சிப்பாய்களைக் கடிந்துகொண்டு போய்விடுகிறான்.

அந்த அப்பனும் மகனும் எந்த மேசையிலும் கை வைக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை. கண்ணில்லாத அரக்கனிடம் தப்பிக்க ஒரு வழி இருந்தது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற இந்த மனிதனிடம் அதுகூட இல்லை.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளோடு சேர்ந்து இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். விருந்துக் கூடத்தில் அவள் பயந்துவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே முன்னால் குனிந்து கண் இமைக்காமல் பார்த்தாள். கேப்டன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவரும் காட்சியில்தான் தலையணையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். “மாமா, அந்தக் கைக்கண்ணு பேயிகிட்ட மாட்டினாக்கூட ஓடிடலாம். இந்தாளு எப்ப என்ன பண்ணுவான்னே தெரியலையே” என்றாள். பக்கம் பக்கமாகப் படித்த விமரிசனங்களில் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை.

தெல் தோரோ இந்த இரண்டு உலகங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதுபோலத் தோன்றும். ஒளிப்பதிவாளர் கில்லெர்மோ நவாரோ கேப்டனின் உலகத்தை நீலமும் பச்சையுமான குளிர் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். சிறுமியின் உலகத்தில் பொன்னிறமும் செந்நிறமும். அங்கே நேர்கோடுகள், இங்கே வளைவுகள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஒன்று இன்னொன்றுக்குள் கசிந்துகொண்டிருப்பது பிடிபடும். கேப்டன் ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து கொடுக்கும் காட்சி ஒன்று உண்டு. அங்கேயும் நீண்ட மேசை, தலைமாட்டில் அவன், அவன் முதுகுக்குப் பின்னால் கணப்பு. அரக்கன் உட்கார்ந்திருந்த அதே இடம், அதே அமைப்பு. மேசையைச் சுற்றிப் பாதிரியார் உட்பட எல்லோரும் வயிறாரத் தின்றுகொண்டே, சனங்களுக்கு உணவுப் பங்கீட்டு அட்டைக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று பேசுகிறார்கள். போருக்குப் பின் ஸ்பெயினில் உணவுப் பங்கீடு 1952 வரை நீடித்தது. அந்தப் பசி தெரிந்தவர்களுக்கு இரண்டு திராட்சையைத் தின்ற குழந்தையின் மேல் கோபம் வராது. கேப்டன் விருந்து கொடுத்த இரவில் அவளைச் சாப்பாடு கொடுக்காமல்தான் படுக்கப் போகச் சொல்லியிருந்தார்கள் என்பதும் அப்போது ஞாபகம் வரும்.

இப்படிப்பட்ட படங்களைத் தப்பித்து ஓடுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. ஒஃபேலியா எங்கே தப்பித்தாள்? அவளுடைய மாய உலகத்தில் சேறு இருக்கிறது, பூச்சி இருக்கிறது, அத்திமரத்தின் வேரடியில் பெருந்தேரை இருக்கிறது. வீட்டில் நடப்பதை நேருக்கு நேர் பார்க்க முடியாத குழந்தை, பார்க்கக்கூடிய ஒரு வடிவத்தில் அதைத் திரும்பப் பார்க்கிறாள்.

அந்த வடிவம் கண்ணில் நிலைப்பதற்குக் காரணம் அது கையால் செய்யப்பட்டது. கண்ணில்லாத அரக்கனாகவும், ஒஃபேலியாவை அந்த விருந்துக் கூடத்துக்கு அனுப்பிவைத்த, ஆட்டுக்கொம்பும் ஆட்டுக்காலும் கொண்ட ஃபானாகவும் நடித்தவர் ஒருவரே: டக் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நடிகர். ஒப்பனைக்கே சில மணி நேரங்கள் உட்கார வேண்டும். அரக்கன் வேடத்தில் மூக்குத் துளைகள் வழியாகத்தான் அவருக்கு வெளியே பார்வை. ஃபானின் காதுகளை அசைக்க உள்ளே வைத்த சின்ன மோட்டார்களின் இரைச்சலில் எதிரே நிற்கும் சிறுமி இவானா பக்கேரோ பேசுவது அவருக்குச் சரியாகக் கேட்காது. ஸ்பானிய மொழியும் தெரியாது. தன் வசனத்தை மட்டுமல்லாமல் அவளுடைய வசனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் நடித்தார். கடைசியில் குரலை வேறொரு நடிகர் கொடுத்தார். கணினி இந்தப் படத்திலும் உண்டு. அந்த ஆட்டுக்கால்களுக்குப் பின்னால் இருந்த மனிதக் கால்களை அழித்தது அதுதான். ஆனால் ஃபான் எழுந்து நிற்கும்போது முட்டிகள் கிறீச்சிடுவதில் ஒரு கனம் இருக்கிறதே, அது நிஜ உடம்பொன்று அங்கே நின்றதால் வந்தது. கோடி கோடியாகக் கொட்டி முழுக்கக் கணினியில் வளர்த்த எத்தனையோ பூதங்கள் என் நினைவில் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. கால் தரையில் படாத எதற்கும் நான் பயந்ததில்லை. படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதுகள் மூன்றும் ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகியவற்றுக்கு என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

சிறுமிக்குத் துணையாக வந்த தேவதைப் பூச்சிகளை அரக்கன் பிடித்துத் தலையைக் கடித்துத் துண்டிக்கும்போது, ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த சட்டர்னைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பொறி தட்டும். பெற்ற பிள்ளையைத் தின்னும் அந்தத் தகப்பனைக் கோயா 1819-க்கும் 1823-க்கும் இடையில் தன் வீட்டுச் சுவரில் நேரடியாகத் தீட்டினார். எவரும் கேட்டோ, எவருக்கும் விற்கவோ வரைந்ததல்ல. நெப்போலியன் படையெடுப்பின் கொடுமைகளைக் கண்ட கிழவர், காது கேளாதவர், சொந்தச் சுவரில் இதைப் பார்த்தபடியே வாழ்ந்தார். ஸ்பெயினின் இருட்டுக்கு இப்படி ஒரு நெடிய வம்சாவளி உண்டு. மெக்சிகோக்காரரான தெல் தோரோ அதை உரிமையோடு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நமக்கும் இந்த ருசி புதிதில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசியால் ஒட்டி உலர்ந்த பேய்கள் காளியிடம் போய் முறையிடுகின்றன. போர் முடிந்த களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் குடித்துக் கூத்தாடுகின்றன. கற்பனையின் வீச்சில் அதற்கு இணையாக உலகத்தில் அதிகம் இருக்காது. ஆனால் பரணியின் பேய்கள் வென்றவன் பக்கம். கூழ் குடித்துவிட்டுக் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. தோற்றவர் வீட்டுக் குழந்தை அந்தக் கூழ்ப்பானையை எப்படிப் பார்த்திருக்கும் என்று யாரும் பாடவில்லை. தெல் தோரோ தன் கேமராவைக் கொண்டுபோய் வைத்தது அந்தக் குழந்தையின் உயரத்தில். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை அதுதான்.

இந்தியாவில் இந்த வரிசையில் துணிந்து வைக்கக்கூடியது 2018-இல் வந்த ‘தும்பாட்’. விடாமல் பெய்யும் மழை, கருப்பைபோலச் சிவந்து துடிக்கும் ஒரு நிலவறை, அதற்குள் தீராப் பசியோடு ஹஸ்தர் என்ற பூதம். அவனுக்கும் ஒரு விதி உண்டு. மாவுப் பொம்மையைப் போட்டால் அதைத் தின்பான். தின்று முடிப்பதற்குள் அவன் கோவணத்திலிருந்து பொற்காசுகளை உதிர்த்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். இங்கேயும் பூதம் கணக்குத் தவறுவதில்லை. மனிதனின் ஆசைதான் கணக்கை மீறுகிறது.

‘பான்ஸ் லாபிரின்த்’ முடிந்ததும் எல்லோரும் ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள்: அந்த மாய உலகம் உண்மையா, சாகப்போகும் குழந்தையின் மனப்பிரமையா? கேப்டன் துரத்திவந்து பார்க்கும்போது ஒஃபேலியா வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் கண்ணுக்கு ஃபான் தெரியவில்லை. ஆகவே பிரமைதான் என்று சாதிப்பவர்கள் சாக்குக்கட்டியை மறந்துவிடுகிறார்கள். கடைசி இரவில் ஒஃபேலியாவை அறையில் பூட்டி, வாசலில் காவலும் வைத்திருக்கிறார்கள். அடுத்து நாம் அவளைப் பார்ப்பது கேப்டனின் அறைக்குள். சாக்கால் வரைந்த கதவைத் தவிர அவளுக்கு வேறு வழியே இருக்கவில்லை. தெல் தோரோவும் அது உண்மை என்ற கட்சிதான். என் அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு அதில் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை. கேப்டனுக்கு ஏன் ஃபான் தெரியவில்லை என்று மட்டும் கேட்டேன். “அவனுக்கு முயல் இருந்ததே கடைசிலதான தெரிஞ்சுது” என்றாள்.