மதர்போர்டு போகலை
மூணு வாரமா வீட்டுக் கம்ப்யூட்டர் தானாவே ரீஸ்டார்ட் ஆகிட்டிருந்தது. பொண்ணு ராத்திரி உட்கார்ந்து டைப் பண்ணின பிராஜெக்ட் ரெண்டு தடவை பாதியிலேயே போச்சு. அவ ஒண்ணுமே சொல்லாம எழுந்து போனதுதான் எனக்குத் தாங்கலை.

கடையில மூடியைக்கூடக் கழட்டாம, "மதர்போர்டு போச்சு சார், புதுசு போட்டுடுங்க"ன்னாங்க. திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தா, வரிசையா 'கெர்னல்-பவர் 41' எர்ரர். நிறையப் பேர் இதையே காரணம்னு நினைச்சுக்கறாங்க. சிஸ்டம் முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுடுச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும், ஏன்னு சொல்லாது. விண்டோஸ் செட்டிங்ல 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டேன். டிரைவர் கோளாறுன்னா பெரும்பாலும் நீலத்திரை நின்னு எர்ரர் கோடு காட்டும். காட்டலை. பட்டுன்னு இருட்டு, மறுபடி ஸ்டார்ட்.

சிபியூ சூடு சரியாத்தான் இருந்தது. ராம் ஒவ்வொண்ணா மாத்திப் போட்டும் அதே கதை. கடைசியா எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஃபேன் கம்பி இடுக்கு வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டரோட தலை பூரி மாதிரி உப்பி, ஓரத்துல பழுப்பாக் கசிஞ்சு காஞ்சிருந்தது. லோடு ஏறினதும் வோல்டேஜ் தாங்காம விழுந்திருக்கு.

நண்பரோட எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டி ஆறு நாளாச்சு. ஒரு தடவைகூட அணையலை. பிராஜெக்டும் முடிஞ்சது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்: எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களா பிரிச்சுடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல கரன்ட் தங்கியிருக்கும்.