குட்டியானையைக் குனிய வைத்த கதை

முதல்லயே சொல்லிடறேன், இது வீடியோ பார்த்து கெட்டுப்போன ஒருத்தனோட கதை. பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு வண்டிப் பட்டையில என்னடா வேலைன்னு கேக்காதீங்க. எங்க மாமாவும் அதையேதான் கேட்டார் :-)

மாமாகிட்ட ஒரு டாடா ஏஸ் இருக்கு. 2005ல வந்த மாடல். நம்ம ஊர்ல யாரும் அதை ஏஸ்னு சொல்றதில்லை, குட்டியானைதான். விடியக்காலம் மூணு மணிக்கு வானகரத்துல கிளம்பி கோயம்பேடு போவார். வெங்காய மூட்டை ஏத்திக்கிட்டு பூந்தமல்லி, திருமழிசை பக்கம் இருக்கிற கடைகளுக்குப் போட்டுட்டு வருவார். வண்டிக்கு இன்னும் ட்யூ கட்டிட்டு இருக்கார்.

போன மார்கழியில அவர் சபரிமலைக்குப் போனார். நாலு நாள் வண்டி வாசல்ல, சாவி என்கிட்ட. அந்த நேரம் பார்த்து நான் பிக்கப் வண்டிகளை இறக்கி ஓட்டறவங்க வீடியோவா பார்த்துத் தள்ளிட்டு இருந்தேன். அதுக்கு ஒரு பெரிய வரலாறே இருக்குங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பசங்க, கையில காசு இல்லாம, டிக்கியில மணல் மூட்டையைப் போட்டு காரைத் தாழ வச்சாங்களாம். சக்கரத்து ரிம்முக்குக் கீழே வண்டி இறங்கவே கூடாதுன்னு கலிபோர்னியாவுல 1958ல சட்டம் போட்டாங்க. உடனே 1959ல ரான் அகீரேங்கிறவர் ஹைட்ராலிக் பம்ப்பைப் பொருத்திட்டார். போலீஸைப் பார்த்தா வண்டி ஏறும், போனதும் இறங்கும்! அந்தச் சட்டத்தை எடுக்கறதுக்கு 2024 ஆயிடுச்சு.

நம்ம குட்டியானையோ காலியா நிக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கிட்டு வாத்து மாதிரி இருக்கும். எனக்கு அது கண்ணை உறுத்திச்சு. பட்டை வச்ச வண்டியை இறக்க சில வழிகள் இருக்கு. பட்டையைச் சூடு பண்ணி அடிச்சு வளைவைக் குறைக்கலாம். ஆக்ஸில் மேலயும் பட்டை கீழயும் இருக்கிற வண்டின்னா, நடுவுல இரும்புக் கட்டை வச்சு நீளமான யு போல்ட் போட்டுக் கட்டலாம். ரொம்ப மலிவான வழி, ரெண்டு பட்டையைக் கழட்டிடறது. என் பட்ஜெட் ஆயிரம் ரூபா. அப்புறம் எந்த வழின்னு நான் வேற சொல்லணுமா?

பட்டறை அண்ணன் சிரிச்சார். "தம்பி, இங்க வர்றவன்லாம் இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டுன்னுதான் வருவான். கழட்டுன்னு வந்த மொத ஆளு நீதான். மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே"ன்னு சொன்னேன். இந்தக் கதையில நான் பண்ணின தப்பு அந்த ஒத்தை வார்த்தைதான்.

800 ரூபாய்ல வேலை முடிஞ்சது. வண்டி அழகா உக்காந்திருந்தது. போட்டோ எல்லாம் எடுத்து கிளாஸ் பசங்களுக்கு அனுப்பிட்டேன். மாமா மலையிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வந்தார், அசதியில வண்டியைப் பார்க்காமலே படுத்துட்டார். காலையில சொல்லிக்கலாம்னு நானும் படுத்துட்டேன். அவருக்குக் காலைங்கிறது மூணு மணின்னு எனக்குத் தோணவே இல்லை.

அஞ்சு மணிக்குப் போன் வந்தது. வேலப்பன்சாவடிகிட்ட ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினதுல மெயின் பட்டையே முறிஞ்சிடுச்சு. நான் போகும்போது மாமா டார்ச்சோட வண்டிக்கு அடியில குனிஞ்சிருந்தார். பதினஞ்சு மூட்டையும் ரோட்டோரத்துல கிடந்தது.

கணக்கு ரொம்ப சிம்பிள். மூட்டைக்கு 50 கிலோ, பதினஞ்சு மூட்டைன்னா 750 கிலோ. அந்த வண்டிக்குக் கம்பெனிக்காரன் சொல்ற பாரமே அவ்வளவுதான், மாமா அதிகமா ஒரு கிலோ ஏத்தலை. ஒரே தடிமன்ல அஞ்சு பட்டை இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல ரெண்டை எடுத்தா பலம் ஏறக்குறைய அஞ்சுல மூணு பங்காயிடும். ஆனா பாரம் குறையாது. மூணு பட்டை அஞ்சு பட்டையோட வேலையைச் செய்யணும். பள்ளத்துல விழும்போது அது இன்னும் பல மடங்கு.

மாமா வெளிய வந்து, "எத்தனை கழட்டின?"ன்னு மட்டும் கேட்டார்.

"ரெண்டு மாமா."

திட்டலை. பேசாம மூட்டையை எண்ண ஆரம்பிச்சார். திட்டியிருந்தா தேவலாம்.

வேற வண்டி வாடகை 1,200. புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 3,400. ஒரு நாள் ஓட்டம் போச்சு. இதெல்லாம் நோட்டுல எழுதிடலாம். ஆனா திருமழிசையில ஒரு மளிகைக்கடைக்காரர், பத்து வருஷமா மாமாகிட்டயே வாங்கினவர், அன்னிக்குச் சரக்கு வரலைன்னு வேற ஆள்கிட்ட வாங்கினார். அப்படியே அங்கேயே நின்னுட்டார். குட்வில்லுக்கு எப்படி மதிப்பு போடறதுன்னு பரீட்சையில 8 மார்க்குக்கு எழுதியிருக்கேன். சராசரி லாபத்தை இத்தனை வருஷத்தால பெருக்கணும். இந்தக் கடைக்கு மட்டும் என்னால போட முடியலை.

இப்போ சனிக்கிழமை தோறும் நானும் கோயம்பேடு போறேன். யாரும் கூப்பிடலை, நானாத்தான். பதினஞ்சாவது மூட்டை ஏறினதும் வண்டி, நான் ஆசைப்பட்ட அதே உயரத்துக்கு வந்து உக்காருது. பைசா செலவில்லாம. மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "போதுமாடா இறக்கம்?"ங்கிறார்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டும் ஆசை விடலைன்னா ரெண்டு விஷயம். சில பிக்கப்ல வண்டியோட பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு பார்த்து பின் பிரேக்கோட அழுத்தத்தைக் கூட்டற வால்வு இருக்கும். வண்டியை இறக்கினா, பாரம் ஏத்தியிருக்குன்னு அது ஏமாந்துடும். காலி வண்டியில பின்சக்கரம் பூட்டிக்கும். அடுத்தது, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4). அனுமதி இல்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். மாமா கேஸ் குடுக்கலை. நான் தப்பிச்சேன் :-)