பராமரிப்பு இல்லத்தின் நாள்கணக்கு

வியாழன், சேர்க்கைக்கு முந்தைய நாள்

அமெரிக்காவில் மருத்துவமனையை விட்டுச் செல்லலாம் என்ற நிலையை எட்டியும் வீட்டுப் படியேறும் வலுவை இன்னும் பெறாத முதியவர்கள் சில வாரங்கள் தங்கித் தேறும் இடமும், இனி வீடு திரும்ப வழியில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழும் இடமும் பெரும்பாலும் ஒரே கட்டடமாகவே இருக்கின்றன. பெயர்ப்பலகையில் ‘பராமரிப்பு மற்றும் மறுவாழ்வு மையம்’ என்று எழுதிக்கொள்ளும் இவ்வகை இல்லங்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றில் 12 லட்சம் பேர் அளவில் தங்கியிருக்கின்றனர். பெரும்பான்மையானவை இலாப நோக்கில் நடப்பவை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடித்த, எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரை இத்தகைய இல்லத்துக்கு அனுப்பும் நேர்வை எடுத்துக்கொண்டு, அவர் தங்கும் நாள்களின் வரிசையிலேயே இல்லத்தின் தரத்தை எடைபோட இக்குறிப்புகள் முனைகின்றன. கட்டணமும் பரிசோதனையும் அறிவிப்பும் அங்கே நாள்கணக்கை ஒட்டியே நடப்பதால் இந்த அமைப்பு பொருந்துகிறது.

நோயாளி அடுத்து எங்கே செல்வது என்பதை ஏற்பாடு செய்யும் மருத்துவமனை ஊழியர், இல்லங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து மறுநாளுக்குள் முடிவு சொல்லுமாறு கேட்பது வழக்கம். அந்த அவகாசத்தில் குடும்பத்தார் கைக்கு எட்டுவது நட்சத்திரக் குறியீடு ஒன்றுதான். முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரை நடத்தும் கூட்டரசுத் துறை 2008 டிசம்பரில் கொண்டுவந்த இம்முறையில், மாநில ஆய்வாளர்கள் நேரில் வந்து எழுதும் ஆய்வறிக்கை, பணியாளர் அளவு, சிகிச்சையின் விளைவுகளைக் காட்டும் தர அளவைகள் என்ற மூன்று கூறுகளுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. ஆய்வறிக்கையின் நட்சத்திரமே அடிப்படை. மற்ற இரண்டும் மிக நன்றாகவோ மிக மோசமாகவோ இருந்தால் அதில் ஒன்றைக் கூட்டும் அல்லது கழிக்கும். அந்த அடிப்படை நட்சத்திரமோ ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் ஒப்பிட்டு வழங்கப்படுவது: மேல்மட்டத்து 10 விழுக்காட்டுக்கு ஐந்து, அடிமட்டத்து 20 விழுக்காட்டுக்கு ஒன்று, எஞ்சியவை நடுவில் சமமாகப் பிரிக்கப்படும். ஆகவே ஒரு மாநிலத்தின் இல்லங்கள் அனைத்தும் ஒருசேரச் சீர்கெட்டாலும் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரத்தோடுதான் நிற்கும். ஒஹாயோவின் நான்கையும் மின்னசோட்டாவின் நான்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு கூறின் எண்ணையும் எழுதியவர் யார் என்று கேட்பது பயன் தரும். முதற்கூறை எழுதுபவர் வெளியாளாகிய அரசு ஆய்வாளர். இரண்டாம் கூறு 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கு முன் இல்லமே ஆய்வை ஒட்டிய இரு வாரங்களின் கணக்கைப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தது. மூன்றாம் கூறின் பெரும்பகுதியை இன்றும் இல்லமே எழுதிக்கொள்கிறது. 2020-இல் கொரோனாத் தொற்று அமெரிக்காவில் முதன்முதலாகப் பெருமளவில் உயிர்களைப் பறித்த, வாஷிங்டன் மாநிலம் கர்க்லண்ட் நகரத்து இல்லம் அப்போது ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்ளலாம். அக்குறியீடு அளந்தவற்றில் அத்தகைய பேரிடரைத் தாங்கும் திறன் அடங்கியிருக்கவில்லை.

முதல் நாள், வெள்ளி மாலை

வெள்ளிக்கிழமை பிற்பகலில் மருத்துவமனைகள் படுக்கைகளைக் காலிசெய்வதால், புதியவர்கள் இல்லத்துக்கு வந்துசேர்வது பெரும்பாலும் அன்று மாலையில்தான். வரவேற்புக் கூடத்தின் பியானோவும் மலர்ச்சாடியும் பார்வையாளருக்காக வைக்கப்பட்டவை. தரத்தைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. சட்டப்படி வெளியே வைத்தாக வேண்டிய இரண்டு தாள்கள் அக்கூடத்துக்கு அருகிலேயே இருக்கும், அவற்றை நின்று படிப்பவர் மிகச் சிலர். ஒன்று, அன்றைய தேதியில் எத்தனை பேர் தங்கியிருக்கின்றனர், ஒவ்வொரு முறைப்பணியிலும் செவிலியரும் உதவியாளரும் எத்தனை மணிநேரம் வேலைசெய்கின்றனர் என்பதைக் காட்டும் சுவரொட்டுத் தாள். அத்தாளில் நேற்றைய தேதியோ முந்தாநாள் தேதியோ இருந்தால், அதுவே முதல் விடை.

மற்றொன்று ஆய்வறிக்கைக் கோப்பு. பதினைந்து மாதங்களுக்கு மேல் இடைவெளி விழாமல் ஆய்வு நடக்க வேண்டும் என்பது விதி. அதில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் ‘எஃப்’ என்ற எழுத்தோடு ஓர் எண் உண்டு. எஃப் 686 படுக்கைப்புண்ணைக் குறிக்கும். எஃப் 689 விபத்துத் தடுப்பையும் கண்காணிப்பையும் குறிக்கும். குறையின் கடுமையும் பரவலும் ஏ முதல் எல் வரையிலான ஆங்கில எழுத்துகளால் காட்டப்படும்: ஜி, எச், ஐ என்றால் தங்கியிருப்பவருக்கு உண்மையாகவே தீங்கு நேர்ந்திருக்கிறது என்றும், ஜே, கே, எல் என்றால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருந்தது என்றும் பொருள். பெரும்பாலான குறைகள் டி, ஈ என்ற இடைப்பட்ட எழுத்துகளிலேயே நின்றுவிடுவதால், எழுத்தோடு நில்லாமல் தாளின் இரு பத்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இடப்பத்தியில் ஆய்வாளர் கண்டதை எழுதுகிறார்; வலப்பத்தியில் இல்லம் தான் செய்யப்போகும் திருத்தத்தை எழுதுகிறது. வலப்பத்தியில் எப்போதும் காணப்படுவது பணியாளர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது என்னும் வாசகம். அடுத்த ஆண்டின் இடப்பத்தியில் அதே எஃப் எண் திரும்ப வந்திருந்தால், அந்தப் பயிற்சி தாளில் மட்டும் நடந்தது என்று முடிவுசெய்வதில் தவறில்லை.

இரவு உணவு வேளையில் கவனிக்க வேண்டியது கதவுக்கு மேலுள்ள அழைப்பு விளக்கு. படுக்கையிலிருப்பவர் பொத்தானை அழுத்தினால் அது எரியும். பணியாளர் அறைக்குள் வந்து அணைத்தால் அணையும். விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்பதை மட்டும் கணக்கிட்டால் ஏமாற நேரும். உதவியாளர் உள்ளே வருகிறார், விளக்கை அணைக்கிறார், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குச் செல்கிறார். கழிப்பறைக்குப் போக வேண்டியவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். பொத்தான் அழுத்திய நொடியிலிருந்து தேவை நிறைவேறிய நொடி வரை எண்ணுவதே சரியான அளவு. இடுப்பெலும்பு முறிந்தவர் பொறுக்கமாட்டாமல் தானே எழ முயன்று மறுபடி விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மூன்றாம் நாள், ஞாயிறு

சேர்ந்த 48 மணிநேரத்துக்குள் முதற்கட்டப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டு அதன் சுருக்கம் குடும்பத்தாரிடம் தரப்பட வேண்டும் என்பது கூட்டரசு விதி. வார இறுதியில் அதை எழுத ஆள் இருந்தாரா என்பது இன்று தெரிந்துவிடும்.

முழுப் பயிற்சி பெற்ற பதிவுச் செவிலியர் நாளொன்றுக்குத் தொடர்ந்து 8 மணிநேரமாவது இருக்க வேண்டும், மற்ற நேரங்களில் குறைந்த படிப்புடைய உரிமச் செவிலியர் இருந்தால் போதும் என்பதே நடப்பிலுள்ள குறைந்தபட்ச ஏற்பாடு. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், ஊட்டுதல், புரட்டிப் படுக்கவைத்தல் ஆகிய உடலுழைப்பை ஏற்பவர்கள் செவிலிய உதவியாளர்கள். கூட்டரசு அவர்களுக்கு விதித்துள்ள பயிற்சி 75 மணிநேரமே. சம்பளப் பதிவேட்டுத் தரவு வெளியான பின் ஹார்வர்டு ஆய்வாளர் டேவிட் கிராபோவ்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட கட்டுரை, வார இறுதியில் பதிவுச் செவிலியர் நேரம் பெரிதும் சரிவதையும், ஆண்டாய்வை ஒட்டிய நாள்களில் பணியாளர் எண்ணிக்கை உயர்ந்து பின் இறங்குவதையும் காட்டியது. அதே தரவைக் கொண்டு 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, செவிலியப் பணியாளர்கள் வேலையை விட்டுச் செல்லும் ஆண்டு விகிதத்தின் சராசரி 128 விழுக்காடு, நடுமதிப்பு 94 விழுக்காடு. அதாவது ஓராண்டுக்குள் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஆள் மாறிவிடும் இல்லமே அந்நாட்டின் நடுத்தர இல்லம். மூதாட்டி எந்தப் பக்கம் சாய்ந்து எழுவார், எந்தக் கையால் கோப்பையைப் பிடிப்பார் என்பதை அறிந்த உதவியாளர் அடுத்த மாதமும் இருப்பாரா என்பது தரத்தைப் பற்றிய கேள்வியே. 2022-இல் வார இறுதிப் பணியாளர் அளவும் வெளியேற்ற விகிதமும் நட்சத்திரக் கணக்கில் சேர்க்கப்பட்டது, இம்முறையில் செய்யப்பட்ட திருத்தங்களுள் மிகவும் பயனுள்ளது எனலாம்.

2024-இல் கூட்டரசு வெளியிட்ட விதி, ஒருவருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 3.48 மணிநேரச் செவிலியப் பணி, அதில் உதவியாளர் பங்கு 2.45 மணிநேரம் என்று வரையறுத்தது. இருபத்துநான்கு மணிநேரத்தை இந்த 2.45-ஆல் வகுத்துப் பார்த்தால், ஓர் உதவியாளருக்குச் சராசரியாகப் பத்துப் பேர் என்றாகும். பகலில் குறைவு, இரவில் கூடுதல். அவ்வளவுக்கே இல்லங்களின் சங்கம் நீதிமன்றம் சென்றது. டெக்சாஸிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் விதியை ரத்துசெய்தது. அவ்வாண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் அதன் அமலாக்கத்தை 2034 வரை தள்ளிவைத்தது. எனவே சட்டம் காக்கும் என்று இருந்துவிடாமல், ஞாயிறு மாலையில் நேரில் சென்று பணியாளர்களை எண்ணிப் பார்ப்பதைத் தவிர குடும்பத்தாருக்கு வேறு வழியில்லை. எண்ணும்போது, படுக்கையில் இருப்பவரின் குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கப்பட்டிருக்கிறதா, தண்ணீர்க் கூஜா கைக்கெட்டும் பக்கத்தில் இருக்கிறதா என்பவற்றையும் பார்க்கலாம். இடுப்பு அறுவை முடிந்தவருக்குக் குதிகாலில் புண் வருவது மிக எளிது. அதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு தலையணையும் அதைச் சரியாக வைக்க ஓர் ஆளும்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

மறுவாழ்வு என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய இல்லத்தில் அச்சொல்லுக்குரிய பணி மூவகைப்படும்: எழுதல், நடத்தல், படியேறுதல் ஆகியவற்றுக்கான இயன்முறைச் சிகிச்சை, குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்கான செயல்வழிச் சிகிச்சை, பேச்சுக்கும் விழுங்குதலுக்குமான பயிற்சி. 2019 அக்டோபருக்கு முன் மெடிகேர் பயிற்சியின் நிமிடங்களை எண்ணிப் பணம் கொடுத்தது. வாரத்துக்கு 720 நிமிடங்களை எட்டினால் உச்ச விகிதம் என்பதால் தளர்ந்தவர்களையும் அந்த எண்ணை நோக்கி இழுத்துச் சென்ற இல்லங்கள் பல. அதன்பின் நோயாளியின் உடல்நிலையை வைத்துப் பணம் தரும் முறை வந்தது. பயிற்சி நிமிடங்கள் உடனே குறைந்தன. முன்பு மிகுதியாகக் கொடுப்பதில் இருந்த ஆதாயம் இப்போது குறைவாகக் கொடுப்பதில் இருக்கிறது. நோயாளி இரு காலத்திலும் ஒருவரே என்பதால், நிமிடக் கணக்கு தரத்தின் அளவுகோலாக முன்பும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

பயிற்சிக் கூடத்தில் கேட்கத் தகுந்தது வீட்டைப் பற்றிய கேள்வி. மூதாட்டியின் வீட்டு வாசலில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், குளியலறைக் கதவில் நடைச்சட்டம் நுழையுமா என்பவற்றைச் சிகிச்சையாளர் முதல் வாரத்திலேயே கேட்டறிந்து அதற்கேற்பப் பயிற்சி தந்தால், அந்த இல்லம் அவரை வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தோடு வேலைசெய்கிறது. கேட்காமல் நாளும் அதே மிதிவண்டிப் பொறியில் உட்காரவைத்தால், அது நேரத்தைக் கடத்தும் பயிற்சி.

எட்டாம் நாள், வெள்ளி

மெடிகேருக்கான முதல் மதிப்பீடு எந்தத் தேதி நிலையைக் குறிக்கிறதோ அத்தேதி இன்றைக்குள் அமைய வேண்டும். எம்.டி.எஸ். எனப்படும் இந்த நீண்ட படிவத்தில் நோயாளியின் நினைவாற்றல், நடமாட்டம், வலி, புண், மருந்து, விழுதல் யாவும் குறியீடாகப் பதியப்படும். இல்லத்துக்கு வரும் பணமும் தர அளவைகளின் நட்சத்திரமும் பெரும்பாலும் இதிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. நிரப்புவது இல்லத்துச் செவிலியர். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்வதற்கு இணையான இந்த ஏற்பாட்டின் விளைவைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பிராச்சி சங்கவியும் குழுவினரும் அளந்து பார்த்தனர். கடுங்காயம் ஏற்படுத்தி மருத்துவமனைக்கு அனுப்பவைத்த விழுதல்களை மெடிகேர் கட்டணச் சீட்டுகளிலிருந்து திரட்டி, இல்லங்களின் படிவங்களோடு அவர்கள் ஒப்பிட்டதில், 2011 முதல் 2015 வரையிலான அத்தகைய நிகழ்வுகளில் 57.5 விழுக்காடே படிவத்தில் இடம்பெற்றிருந்தன. விழுதல் விகிதம் குறைவு என்று காட்டும் இல்லம் விழாமல் காத்த இல்லமா, எழுதாமல் விட்ட இல்லமா என்பதை அந்த எண்ணைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

மனநோய் மருந்துகளின் நிலை இதைவிட மோசம். மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இம்மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. இருந்தும் ஆள் பற்றாத இல்லங்களில் சத்தமிடுபவரை அடக்க அவை பயன்பட்டுவருகின்றன. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உடையவர்கள் இம்மருந்துப் பயன்பாட்டைக் காட்டும் தர அளவைக் கணக்கிலிருந்து விலக்கப்படுவதால், அந்த நோயின் பெயரைப் படிவத்தில் சேர்த்துவிட்டால் மருந்து கணக்கிலிருந்து மறைந்துவிடும். இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு இந்நோய் எழுதப்பட்டிருப்பதை நியூயார்க் டைம்ஸ் 2021-இல் வெளிக்கொணர்ந்தது. பொதுமக்களிடையே அது ஏறத்தாழ 150-இல் ஒருவருக்கே வருவது, அதுவும் இளவயதில். எண்பது வயதில் புதிதாக இந்நோய்ப் பெயர் ஏட்டில் ஏறியிருந்தால், அதை எழுதியவரைக் கேள்வி கேட்பது குடும்பத்தாரின் உரிமை. 2023 முதல் கூட்டரசும் இக்குறியீட்டைத் தணிக்கை செய்கிறது.

இருபதாம் நாள், புதன்

மருத்துவமனையில் தொடர்ந்து மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்தவருக்கு மெடிகேர் இல்லத்தின் முழுச் செலவையும் ஏற்பது இன்றோடு முடிகிறது. நாளை முதல் நூறாம் நாள் வரை அன்றாடம் ஒரு பங்கை நோயாளி செலுத்த வேண்டும். 2025-இல் அது நாளுக்கு 209.50 டாலர். (தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளிடம் குடியேறிய பெற்றோர் நிரந்தர வசிப்புரிமை பெற்று ஐந்தாண்டு தங்கிய பின்னரே, அதுவும் பணம் கட்டியே, இக்காப்பீட்டில் சேர இயலும் என்பதால், அவர்களுக்கு இந்த இருபது நாளும் கிட்டாமற்போவதுண்டு.) நோயாளி இருபதாம் நாளில் திடீரென்று தேறிவிட்டதாக ஏடு சொன்னால், உடல் தேறியதா கணக்கு முடிந்ததா என்று பார்க்க வேண்டும். காப்பீடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தரப்பட வேண்டும். அதை எதிர்த்து வெளி அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்கான கெடு மறுநாள் நண்பகல் போன்ற மிகக் குறுகிய ஒன்று. அறிவிப்பைக் கையெழுத்துக்காக மட்டும் நீட்டும் இல்லமும், மேல்முறையீட்டுத் தொலைபேசி எண்ணைச் சுட்டிக்காட்டி விளக்கும் இல்லமும் ஒரே தரத்தன அல்ல.

முன்னேற்றம் நின்றுவிட்டது, ஆகவே பயிற்சியும் நிற்கும் என்பது அடிக்கடி கூறப்படும் காரணம். வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த கிளெண்டா ஜிம்மோ தொடுத்த வழக்கில் 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இருக்கும் திறனைக் காக்கவோ சரிவை மெதுவாக்கவோ தேர்ந்த சிகிச்சையாளர் தேவைப்பட்டால் மெடிகேர் பணம் தர வேண்டும், முன்னேற்றம் நிபந்தனையன்று. பத்தாண்டுக்கு மேலாகியும் இதை அறியாத இல்லங்கள் உள்ளன என்பது வியப்பு; அறிந்தும் சொல்லாதவை உள்ளன என்பது வியப்பன்று.

இருபத்தேழாம் நாள், புதன்

நடைச்சட்டத்தோடு நடக்கத் தொடங்கிய மூதாட்டி வீடு திரும்பலாம், அல்லது பின்கட்டுக்கு மாற்றப்படலாம். பின்கட்டில் நீண்டகாலம் வாழ்பவர்களில் பெரும்பான்மையோருக்குப் பணம் தருவது வறியோருக்கான மெடிகெய்ட். அது தரும் தொகை மெடிகேர் தருவதைவிடக் குறைவு. பின்கட்டின் சுவர் வண்ணமும் விளக்கொளியும், சில வாரங்கள் மட்டும் தங்குவோரின் முன்கட்டோடு ஒத்திருக்கும் இல்லங்கள் சிலவே. நல்ல இல்லமா என்று அறிய விரும்புவோர் மதிய உணவு நேரத்தில் இப்பகுதிக்குச் செல்லலாம்: ஊட்டிவிடும் உதவியாளர் நாற்காலியில் அமர்ந்து ஒருவருக்கு ஊட்டுகிறாரா, நின்றபடி இருவருக்கு மாறிமாறிக் கரண்டியை நீட்டுகிறாரா, தட்டு எடுக்கப்படும்போது பாதி உண்ணப்பட்டதை யாரேனும் குறித்துக்கொள்கிறார்களா என்பவற்றைக் காணலாம். பார்க்க வருவோர் உள்ளவர்கள் எங்கும் ஓரளவு நன்றாகவே கவனிக்கப்படுகின்றனர். ஆகையால் இந்த மேசையில் பார்வையாளரே இல்லாதவரின் தட்டைத்தான் கவனிக்க வேண்டும். அவர் பொருட்டு முறையிட ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டப்படி நியமிக்கப்பட்ட குறைதீர்ப்பாளர் உண்டு. அவருடைய பெயரும் எண்ணும் இல்லத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் படிக்கும் உயரத்தில் அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.