ஊர் என்றால் யார்?

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலராசிரியர் எம்மைப் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர்க்கு அதுவே இயல்பு. ஆயினும், விழாவையொட்டிப் புதிய கட்டடங்களைப் பற்றியும் அவற்றுக்கு நிதி திரட்டுதலைப் பற்றியும் பழைய மாணவர் பலர் உரையாடிவரும் இவ்வேளையில், யாம் ஒருமுறை நிதி கேட்டுத் தோற்ற கதையைக் கூறுதல் பயனுடைத்து என எண்ணுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மூர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக யாம் கடமையாற்றினோம். நிலையத்தின் வாசிகசாலை ஒரு தகரக் கொட்டிலிலே நடைபெற்றது. மாரிகாலத்திற் பத்திரிகைகளை அயல்வீட்டு விறாந்தைக்குக் காவிச் செல்வோம். அக்காலத்தில், இலாப நோக்கற்ற சங்கங்கள் எழுப்பும் பொதுக் கட்டடங்களுக்கு உதவ முன்வந்த தரும நிறுவனமொன்று விண்ணப்பங்களைக் கோரிற்று. விண்ணப்பத்தை யாமே எழுதினோம். கல்வியின் மேன்மை, நம் முன்னோரின் ஏட்டுச் செல்வம், வாசிப்பின் பயன் என ஏழு பக்கங்கள் விரிந்தன. எழுத்துப்பிழை ஒன்றேனும் அதில் இருந்ததில்லை.

நிலத்தைப் பார்வையிட இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். காணி உறுதியையும் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் பொறுமையோடு பார்த்தபின், “ஐயா, பத்து ஆண்டு கழித்துக் கூரை ஒழுகினால் யார் திருத்துவார்கள்?” என வினவினார்.

“ஊர் பார்த்துக்கொள்ளும், பிள்ளை” என்றோம்.

“ஊர் என்றால் யார், ஐயா?”

எம்மிடம் விடை இல்லை. அடுத்த மாதமே விண்ணப்பம் திரும்பி வந்தது. யாம் வெகுண்டோம், தமிழின் அருமை அறியாதார் எனவும் ஏசினோம். எம் நிலையத்தின் தலைவர் இளைப்பாறிய ஓவசியர். அவர் சிரித்துக்கொண்டு, “தம்பி, அந்தப் பிள்ளை கேட்டது நியாயம். நாங்கள் சீமெந்துக்குக் கணக்குப் போட்டோம், தும்புத்தடிக்குப் போடவில்லை” என்றார். அவ்வொரு சொல் எம் ஏழு பக்கங்களையும் வென்றது.

அதன் பின்னரே கட்டடக் கொடைகளின் வரலாற்றைப் படிக்கத் தலைப்பட்டோம். ஸ்கொத்லாந்தில் நெசவாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, அமெரிக்காவில் உருக்குத் தொழிலாற் பெருஞ்செல்வரானவர் அன்ட்ரூ கார்னகி. 1883 முதல் 1929 வரை அவர் கொடையால் உலகின் பல நாடுகளில் 2,509 நூல்நிலையங்கள் எழுந்தன. அவர் வாரி வழங்கினார். ஆயினும் வாளா வழங்கினாரல்லர். அமெரிக்க நகரங்களுக்கு அவர் விதித்த முறைமை எளியது: நிலத்தை நகரமே கொடுத்தல் வேண்டும், பெற்ற தொகையிற் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் பொது வரியிலிருந்து நூல்நிலையத்தை நடத்த ஒதுக்குதல் வேண்டும். 10,000 டொலர் பெற்ற நகரம் ஆண்டுக்கு 1,000 டொலர் தருவதாக வாக்களித்தல் வேண்டும். அவ்வாறு வாக்களிக்க விரும்பாத நகரங்கள் கொடையை இழந்தன.

இத்துணைக் காவலிருந்தும் குறை நேர்ந்தது. 1916 இல் அல்வின் ஜோன்சன் என்னும் அறிஞர் அந்நூல்நிலையங்கள் பலவற்றை நேரிற் பார்த்து, கட்டடங்களினும் பயிற்சிபெற்ற நூலகரே இனி வேண்டற்பாலர் என அறிக்கை செய்தார். 1917 இல் புதிய கட்டடங்களுக்கான கொடை நிறுத்தப்பட்டது. கொடை சுவரை எழுப்பும். கதவை நாடோறும் திறப்பதற்கு வேறு கை வேண்டும் என்பதே யாம் அதிற் கற்ற பாடம்.

எமக்கு நெருங்கிய சான்று யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933 இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுத்த சிறு முயற்சியே அதன் வித்து. பின்னர்க் களியாட்ட விழா நடத்தியும் நன்கொடை திரட்டியும் மக்கள் நிதி சேர்த்தனர். வெளிநாட்டுக் கொடைகளும் வந்து சேர்ந்தன. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திராவிடப் பாணி மாளிகை 1959 இல் திறக்கப்பட்டது. யாம் கைக்குழந்தையாயிருந்த 1981 இல், ஏறக்குறைய 97,000 நூல்களோடு அது எரியூட்டப்பட்டது. பின்னர் அரசின் நிதியாலும் பிறர் உதவியாலும் மீளக் கட்டப்பட்டது. சுவர் கருகியபோதும் அது தம்முடையது என்னும் எண்ணம் மக்கள் நெஞ்சிற் கருகவில்லை. அவ்வெண்ணம் முதலிற் சேர்ந்த சிறு காசுகளிலிருந்து பிறந்தது என்பதே எம் துணிபு.

மீண்டும் எம்மூர்க் கதைக்கு வருவோம். மறுமுறை விண்ணப்பம் மூன்றே பக்கம். வீட்டுக்கு மாதம் 100 ரூபா. அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு. மூவர் கையொப்பமின்றிப் பணம் எடுத்தலாகாது. மாத வரவு செலவு வாசலிலுள்ள கரும்பலகையில் எழுதப்படும். நடக்க மாட்டாதார்க்குச் சாய்வுப் பாதை அமைக்கப்படும். இவ்வளவே எழுதினோம். ஓராண்டு அவ்வாறு நடத்திக் காட்டிய கணக்கையும் இணைத்தோம். இம்முறை உதவி கிடைத்தது. பணம் மூன்று தவணையாக வந்தது. கணக்குப் பரிசோதனை முடிந்த பின்னரே இறுதித் தவணையைத் தந்தனர். ஓவசியர் ஐயா ஒவ்வொரு சீமெந்துப் பையையும் எண்ணி இறக்குவித்தார்.

கட்டடம் திறந்த அடுத்த ஆண்டு ஒருநாள் மாலை, சந்தியில் அப்பஞ் சுட்டு விற்கும் ஆச்சி வாசலில் நின்றார். எழுத்தறியாதவர், எனினும் ஒரு மாதமேனும் தம் பங்கைத் தவறவிட்டதில்லை. கரும்பலகையிலிருந்த கணக்கைப் பேர்த்தியைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டுவிட்டு, “வாத்தியார், மின்சாரக் காசு போன மாதத்தைவிடக் கூடியிருக்கு, ஆர் விசிறியை நிற்பாட்டாமற் போனது?” என்று எம்மைக் கேட்டார்.

யாம் தலைகுனிந்தோம்; விசிறியை நிறுத்தாது போனவர் யாமே. அக்கணத்தில் உள்ளம் மகிழ்ந்தது. அவ்விளம் உத்தியோகத்தரின் வினாவுக்கு விடை எம்முன்னே நின்றது. ஊர் என்றால் அந்த ஆச்சி.

பழைய மாணவ அன்பர்காள்! கடல் கடந்தும் கல்லூரியை மறவாது கொடுக்கும் உங்கள் கைகளை யாம் வணங்குகின்றோம். மண்டபத்துக்கு நிதி திரட்டும்போது, அதனை ஆண்டுதோறும் பேணுதற்கும் ஒரு பங்கை ஒதுக்குக. பெயர்க்கல்லுக்கு அருகே கணக்குப் பலகைக்கும் இடம் விடுக. இன்று கற்கும் மாணவரும் தம்மால் இயன்ற சிறு காசை அதிற் சேர்ப்பாராக. கொடுத்தவனே கேள்வி கேட்பான். கேள்வி கேட்பவன் உள்ளவரை கூரை ஒழுகாது.

வாழ்க கல்லூரி அன்னை!