கனவு மீன்

கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்போர்க்குக் கனவு மீன் ஒன்று உண்டு. எனக்கு அது, மேலைப் பசிபிக்கின் பவளப் பாறைகளில் வாழும் மாண்டரின் மீன். ஏறத்தாழ 7 செ.மீ. நீளமே உடையது, செதிலற்றது. அதன் நீல மேனியில் செம்பொன் கோடுகள் நெளியும். பிற மீன்களின் நீலம் பெரும்பாலும் ஒளியின் சிதறலால் தோன்றுவது. இதன் நீலமோ தோலில் அமைந்த நிறமியே.

ஒருநாள் கடையொன்றில் அம்மீனைக் கண்டேன், உள்ளம் துடித்தது. ஆனால் அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. பாறையிடுக்குகளில் வாழும், இறாலுக்கு உறவான நுண்ணிய உயிர்களை நாள் முழுதும் தேடிக் கொத்தித் தின்பது அதன் இயல்பு. நாம் தூவும் உலர்ந்த உணவைப் பெரும்பாலும் தீண்டாது. என் சிறு தொட்டி அதற்குப் பட்டினிச் சிறையாகும் என்றுணர்ந்து, வெறுங்கையுடன் திரும்பினேன். விரும்பியதைக் கைக்கொள்ளாது விடுவதும் அன்பே அன்றோ?