மூடிய ஜன்னல்

முப்பது வருடம் அறிவியல் நடத்தினேன். சுண்ணாம்புத் தெளிநீருக்குள் ஸ்ட்ரா விட்டுப் பிள்ளைகளை ஊதச் சொல்வேன். நீர் பால்போல் மாறும். "நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது, பார்த்தீர்களா?" என்பேன். அதே மூச்சுக்குள் என் பேரனைப் படுக்க வைத்திருந்தேன் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது.

நாவலூரில் மகன் வீடு ஒன்பதாவது மாடி. மெட்ரோ வேலைத் தூசி, கொசு, ஏசி கரண்ட் பில் மூன்றுக்கும் ஒரே வைத்தியமாக ஜன்னல் இடுக்கு, கதவின் அடி எல்லாவற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டான். போன கோடையில் நான், மனைவி, பேரன் மூவரும் ஒரே அறையில் படுத்தோம். காலையில் பேரன், "தாத்தா, தலை வலிக்குது" என்பான். "ராத்திரியெல்லாம் செல்போன் பார்த்தா வலிக்காதா?" என்று நாலைந்து நாள் அதட்டினேன்.

மகன் நண்பரிடமிருந்து காற்றை அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தான். படுக்கும்போது 700 காட்டியது. விடியற்காலை 5 மணிக்கு 2,600! வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 420 பிபிஎம்தான்.

"ஏசிதான் ஓடுதேப்பா" என்றான். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்று ஒரு பிடிகூட உள்ளே வராது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் கட்டிய பாசிவ் ஹவுஸும் காற்றுப் புகாத வீடுதான். ஆனால் அங்கே மூச்சுக்குத் தனி வழி வைத்தார்கள். வெளியேறும் காற்றும் உள்ளே வரும் காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாகக் கடந்து போகும். ஒன்றோடொன்று கலக்காது, வெப்பம் மட்டும் கைமாறும். அங்கே சூடு மிச்சமாகும். இங்கே வைத்தால் குளிர்ச்சி மிச்சமாகும். நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஈரத்தையும் கைமாற்றும் வகைதான் பொருந்தும்.

ஏசிக்கு நட்சத்திரம் தரும் பிஇஇ அமைப்பு 2018-இல் கொண்டுவந்த ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டு விதியும், நம்மைப்போல் வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. திறந்தால்தானே அந்த ஜன்னலுக்குப் பயன்?

கருவி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. குளியலறைக் கதவைக் கொஞ்சம் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டோம். எதிர் ஜன்னலில் கொசுவலை அடித்து இரண்டு விரற்கடை திறந்து வைத்தோம். ஏசி 26, மேலே மின்விசிறி. மறுநாள் விடியலில் 1,000-ஐத் தாண்டவில்லை. சாயங்காலம் கிழக்கு ஜன்னல்களை முழுக்கத் திறந்துவிடுகிறோம். கால்வாயைத் தாண்டி வரும் கடற்காற்றுக்குக் கரண்ட் பில் கிடையாது.

தலைவலி அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. அதன் பிறகு பேரன் தலைவலி என்று சொல்லவில்லை. நான்தான் அவனிடம் போய், "அன்னிக்குத் திட்டினது தப்புடா கண்ணா" என்றேன்.

"பரவாயில்ல தாத்தா. செல்போனும் பார்த்தேன்தான்."